21,000 ரூபாய் போன பிறகு: காத்திருப்பதா, திருப்பிக் கேட்பதா, பழையதற்கே போவதா?

அக்கரைப்பற்றிலிருந்து சின்னம்மாவின் மகன் போன கிழமை ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தான். "அண்ணா, வரப்போற அந்தப் புது சூட்டிங் கேமை இப்பவே எடுத்தா பத்து வீதம் குறைவாம். நாங்க நாலு பேர் எடுக்கிறம். நீங்களும் வாறீங்களா?" பின்னால் கொத்துத் தட்டும் சத்தம். கொத்து மேசைக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள் போல.

"கொஞ்சம் பொறு தம்பி" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் பொறுக்க வேண்டும் என்று வொய்ஸில் சொன்னால் பாதிக்கு மேல் கேட்கமாட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ட்ரெய்லரைப் பார்த்துக் காசைக் கட்டிவிட்டு, இனி என்ன செய்வது என்று நிற்பவர்களும் வாசிக்கலாம்.

போன வருடம் நான் அப்படித்தான் நின்றேன். பெரிய நிறுவனம், பெரிய பெயர், கண்ணைப் பறிக்கும் ட்ரெய்லர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதன் ரசிகர்கள் ஒரு பக்கமும் எதிரிகள் மறுபக்கமும் வந்து நின்றுகொள்வார்கள், என் கேள்வி நடுவில் நசிந்துபோகும். விலை 70 டொலர். டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்ற நேரம், ஆகவே 21,000 ரூபாய். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு அது சில மாதத்துக் கரண்ட் பில்.

வெளியீட்டுக்கு முன் ஒரு வார இறுதியில் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, விட்டார்கள். அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. உலகம் முழுக்க அந்த இரண்டு நாளும் அதையே ஆடியதால் ஆட்டம் அரை நிமிடத்தில் கிடைத்தது. அதை நம்பித்தான் எடுத்தோம். வெளியான இரவு உள்ளே நுழையவே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். நுழைந்த பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் எங்கள் ஸ்குவாட், அதாவது சேர்ந்து ஆடும் குழு, தானாகக் கலைந்தது. ட்ரெய்லரில் நாங்கள் வாய்பிளந்து பார்த்த இரண்டு மெப்கள் (சண்டை நடக்கும் களங்கள்) "அடுத்த சீசனில்" என்று பூட்டிக் கிடந்தன. துப்பாக்கிக்குப் பூசும் பெயின்டும் தலைக்கவசமும் விற்கும் கடை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் முதல் நாளே திறந்திருந்தது.

எங்கள் கூட்டம் நாலு பேர். கல்லடியில் நான், காத்தான்குடியில் ஒருவன், வாழைச்சேனையில் ஒருவன், 2022 இல் ரூபாய் விழுந்த கையோடு டோகாவுக்குப் போனவன் ஒருவன். நாலு பேரும் ஒருவருக்கொருவர் மச்சான்தான். வாழைச்சேனைக்காரனின் லெப்டொப்பில் இந்தக் கேம் ஓடாது என்பது முதலிலேயே தெரியும். தெரிந்தும் மற்ற மூவரும் எடுத்தோம். இப்போது யோசித்தால் முதல் பிழை அங்கேதான்.

சரி, எடுத்தாயிற்று, சரியில்லை. அடுத்து என்ன? எல்லோரும் முதலில் சொல்லும் பதில் "அப்டேட் வரும், பொறுப்பம்" என்பது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சில நேரம் உண்மையாகவே வருகிறது. ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற கேம் 2015 டிசம்பரில் வந்தபோது குறைகளோடுதான் வந்தது. 2017 இல் ஒரு முழு சீசனுக்குப் புது மெப் எதுவும் தராமல், சர்வரையும் ஓட்டை உடைசல்களையும் திருத்துவதற்கென்றே ஒதுக்கினார்கள். பத்து வருடம் கழித்தும் அது ஆடப்படுகிறது. 2025 ஜூனிலிருந்து இலவசமாகவே உள்ளே போகலாம்.

இன்னொரு உதாரணம் பெட்டில்ஃபீல்ட் 2042. 2021 நவம்பர் 19 இல் வந்தது. ஒரே ஆட்டத்தில் 128 பேர் என்று பெரிதாகப் பேசப்பட்டது. வந்து பார்த்தால் யார் எத்தனை பேரைச் சுட்டார்கள், யார் செத்தார்கள் என்று காட்டும் முழுமையான ஸ்கோர்போர்ட் இல்லை, கேமுக்குள்ளேயே பேசும் வசதி இல்லை. மெப்கள் வயல்வெளி மாதிரி. ஓடி ஓடிக் களைத்து ஒரு எதிரியைக் காணும்போது அவன் எங்கேயோ கூரையில் இருந்து சுட்டுவிடுவான். எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை என்று அடுத்த பெப்ரவரியில் நிறுவனமே ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வேலை செய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2022 இல் ஸ்கோர்போர்டும் பேசும் வசதியும் வந்தன. வெறுமையாகக் கிடந்த மெப்களைத் திருத்தி எழுதினார்கள். ரசிகர்கள் முதல் நாளிலிருந்து கேட்ட பழைய வகுப்பு முறை, அதாவது மருத்துவர், பொறியியலாளர் என்று வேலை பிரித்து ஆடும் முறை, 2023 தொடக்கத்தில்தான் திரும்பியது.

இதில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். வெளியான அன்று அதன் விலை 60 டொலர், அன்றைய எங்கள் காசில் 12,000 ரூபாய் அளவு. அன்று எடுத்தவர் நல்ல கேமை ஆட ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. பொறுத்தவனுக்குக் கிடைத்த அதே கேம்தான் பொறுக்காதவனுக்கும் கிடைத்தது. முன்னவன் பாதிக் காசு கொடுத்தான், பின்னவன் முழுக் காசும் கொடுத்து ஒரு வருடம் திட்டித் தீர்த்தான். இங்கே அந்த வருடத்தில் டொலர் 200 இலிருந்து 360 வரை ஏறியது வேறு கதை. அதோடு பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. கேம் நன்றாக இருந்திருந்தாலும் யார் ஆடியிருப்பார்?

காத்திருந்து ஏமாந்த கதைகள் இதைவிட அதிகம். ஓவர்வொட்ச் 2 ஐ 2019 இல் அறிவித்தபோது, இரண்டு என்ற எண்ணுக்கே காரணமாகச் சொன்னது கம்பியூட்டரை எதிர்த்து நண்பர்கள் சேர்ந்து ஆடும் பெரிய பகுதியைத்தான். 2022 ஒக்டோபரில் கேம் வந்தது, அந்தப் பகுதி வரவில்லை. 2023 மே மாதத்தில், முதலில் சொன்ன வடிவில் அது வராது என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு இதைவிட உறுத்தியது, இரண்டாவது வந்தவுடன் முதலாவதை மூடியது. காசு கொடுத்து வாங்கிய பழைய ஓவர்வொட்ச்சை அதன் பழைய வடிவில் இனி யாரும் ஆட முடியாது. எக்ஸ்டிஃபையன்ட் 2024 மே 21 இல் வந்து 2025 ஜூன் 3 இல் சர்வரோடு போனது. கொன்கோர்ட் எல்லாவற்றையும் மிஞ்சியது. 40 டொலருக்கு 2024 ஓகஸ்ட் 23 இல் வந்தது, செப்டெம்பர் 6 இல் மூடப்பட்டது. நம் பக்கம் ஒரு கோவில் திருவிழா கொடியேறி இறங்கும் நேரம். நல்லவேளை, வாங்கியவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே பொறுப்பதா என்று கேட்டால், நான் பார்ப்பது ஒன்றைத்தான். கேமின் அடிப்படை சரியாக இருந்து மேலே உள்ளது மட்டும் ஆடுகிறதா, அல்லது அத்திவாரமே பிழையா? துப்பாக்கி சுடும்போது கைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் சர்வர் விழுகிறது என்றால் பொறுக்கலாம். சர்வரைக் காசு போட்டுத் திருத்தலாம். சுடுவதே சலிப்பாக இருந்தால், மெப் பெரிதாகி வெறுமையாக இருந்தால், அது நாலு மாதத்தில் திருந்தாது. எங்கள் கேம் இரண்டாவது வகை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஆறு கிழமை எடுத்தது, ஏனென்றால் நிலை நிலையாக ஏறிப் பரிசு எடுக்கும் பெட்டில் பாஸ் வாங்கியிருந்தேன். மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள் அல்லவா, அந்த மந்திரம் தெரிந்தவர்கள் இப்போது கேம் கம்பனிகளில்தான் வேலை செய்கிறார்கள். இன்னும் ஐந்து நிலை ஏறினால் ஒரு முகமூடி என்று ஒட்டிவைக்கிறார்கள். பிடிக்காத கேமை முகமூடிக்காக ஆடிக்கொண்டிருந்தேன்.

காசைத் திருப்பிக் கேட்பது இரண்டாவது வழி. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் நேரம் தவறவிடுகிறார்கள். கம்பியூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஒன்லைன் கடையில் விதி எளிது. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், காரணம் பெரிதாகக் கேட்காமல் திருப்பித் தருவார்கள். காசு கார்டுக்கே போகலாம், அல்லது ஸ்டீம் பணப்பைக்குப் போகலாம். இதில் உள்ள பொறி, இரண்டு மணி என்பது நீங்கள் சுட்ட நேரம் இல்லை, கேம் திறந்திருந்த நேரம். முதல் தடவை திறக்கும்போது ஷேடர் தயாராகிறது என்று ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருக்கும், பழைய மெஷினில் அது கால் மணிக்கு மேல் போகும். அதுவும் கணக்கு. வரிசையில் நின்ற முக்கால் மணி நேரமும் கணக்கு. பயிற்சிப் பகுதி, மவுஸ் வேகம் சரிசெய்வது, எல்லாம் கணக்கு. அதிக காசு கொடுத்து மூன்று நாள் முந்தி ஆடும் பதிப்பு எடுத்தால், அந்த மூன்று நாளில் ஆடுவதும் கணக்கில் சேரும். 2024 ஏப்ரலில் அந்த விதியை அப்படி மாற்றிவிட்டார்கள்.

காத்தான்குடி மச்சான் முதல் இரவு ஒரு மணி நாற்பது நிமிடத்தில் இஷாத் தொழுகைக்கு எழுந்து போனான். போகும்போது கேமை மூடிவிட்டுப் போனான். திரும்பி வந்து எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு, கேமைத் திறக்காமல் நேராகத் திருப்பிக் கேட்கும் பக்கத்தைத் திறந்தான். சில நாளில் காசு வந்துவிட்டது. நான் அன்று மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டேன். இன்றுவரை என்னைப் பார்த்தால் "21,000 எப்படி இருக்கு மச்சான்?" என்று கேட்பான்.

இரண்டு மணிக்குள் ஒரு ஷூட்டரை மட்டுக்கட்ட முடியுமா என்றால், முடியும். முதல் அரை மணியில் உங்கள் நண்பர்களோடு ஒரே ஸ்குவாட்டில் மூன்று ஆட்டம் கலையாமல் ஆட முடிகிறதா, பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லி விநாடியில்) என்ன காட்டுகிறது, உங்கள் மெஷினில் சண்டை சூடாகும்போது படம் விழுகிறதா, இவ்வளவும் பார்த்தால் போதும். கதாபாத்திரத்தின் முடி நிறத்தைப் பிறகு தெரிவுசெய்யலாம். வாங்குவதற்கு முன் இன்னொரு கணக்கும் உண்டு. 100 ஜிபி கேம், விநாடிக்கு 20 மெகாபிட் லைன் என்றால் இடைவிடாமல் பதினொரு மணி நேரம் இறங்க வேண்டும். இரவு டேட்டாவை நம்பி 12 மணிக்குப் போட்டால் விடிய முடியாது, அடுத்த இரவும் வேண்டும். திருப்பிக் கொடுத்தால் காசு வரும், டேட்டா வராது.

இலவசக் கேம்களுக்கு மாறுவது மூன்றாவது. இதைத்தான் நான் கடைசியில் பிடித்துக்கொண்டேன், ஆனால் இலவசம் என்பதற்காக இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒன்லைன் கேம் பற்றிய எந்தப் பேச்சும் முடியுமிடம் பிங். மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் அளவில் ஓடும். போய்த் திரும்ப 25 மில்லி விநாடி. எந்தக் கம்பனியின் எந்தப் பக்கேஜும் இதற்குக் கீழே போக முடியாது, இயற்கையே விடாது. கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை, நம் இணைப்பு நாட்டின் மேற்கு, தெற்குக் கரைக்குப் போய்த்தான் கடலில் இறங்குகிறது, ஆகவே என் வீட்டில் சிங்கப்பூருக்கு அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையில் காட்டும். மும்பாய் நேர்கோட்டில் 1,600 கிலோமீற்றர்தான், சென்னை அதைவிடக் கிட்ட. ஆனால் கிட்ட இருப்பது கிட்ட இருப்பதாக அர்த்தம் இல்லை. சில இணைப்புகளில் மும்பாய்க்குப் போகும் தரவு சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு போகும், பாசிக்குடாவுக்குப் போக அம்பாறையைச் சுற்றுவது மாதிரி. அதனால் அடுத்த வீட்டுக்காரனின் பிங்கைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், உங்கள் வீட்டில் பாருங்கள். பகலில் பார்க்க வேண்டாம். ஊரே நாடகமும் யூடியூப்பும் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்குப் பாருங்கள்.

பிங் அதிகமாக இருப்பதைவிட அது நிலையில்லாமல் இருப்பது மோசம். எழுபதிலேயே நின்றால் கை பழகிவிடும். காத்தான்குடி மச்சானின் ஃபோர்ஜி ரவுட்டரில் 55 காட்டும், திடீரென்று 180க்குத் தாவும். பழைய கல்லடிப் பாலம் மட்டும் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். உங்கள் முறை வந்தால் பறக்கலாம், வராவிட்டால் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதுதான் தாவும் பிங். அவன் ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றி, வைஃபையை விட்டு வயரில் கொம்பியூட்டரை இணைத்த பிறகு பாதிப் பிரச்சினை போனது. செலவு ஒரு வயர்.

இனி டோகாக்காரனைச் சேர்த்துப் பாருங்கள். டோகாவிலிருந்து சிங்கப்பூர் ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேல். மும்பாய் 2,300 அளவு. நாங்கள் காசு கொடுத்து எடுத்த கேம் சர்வரைத் தானே தெரிவுசெய்தது. எங்களுக்கு வசதியான இடத்தில் போட்டால் அவன் சுட்ட குண்டு அரைச் செக்கன் கழித்துப் போகும், அவனுக்கு வசதியான இடத்தில் போட்டால் நாங்கள் செத்த பிறகுதான் எதிரியைக் காண்போம். இலவசமாகக் கிடைக்கும் வலரன்ட் என்ற ஷூட்டரில் மும்பாய், சிங்கப்பூர் என்று சர்வரை நாமே குறிக்கலாம். மும்பாயை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்கியபோது, நாலு பேருக்கும் சகிக்கக்கூடிய ஒரு நடுவிடம் கிடைத்தது. இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. வலரன்டில் வெவ்வேறு பிராந்தியக் கணக்குக்காரர்கள் ஒன்றாக ஆட முடியாது. அவன் இங்கே இருக்கும்போது திறந்த ஆசிய பசிபிக் கணக்கையே வைத்திருந்ததால் தப்பினோம். வெளிநாடு போனபின் புதுக் கணக்குத் திறந்தவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

வாழைச்சேனைக்காரனின் லெப்டொப்புக்கும் வலரன்ட் பொருந்தியது. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல், பழைய இன்டெல் எச்டி 4000 இலேயே ஓடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். படம் அழகாக இருக்காது, ஆனால் ஓடும். குறை என்னவென்றால் கேமில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் அதன் மென்பொருள் வின்டோஸின் அடித்தட்டில் போய் உட்காரும், கம்பியூட்டர் திறந்த நேரத்திலிருந்தே ஓடும். வின்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் போட்டிருக்க வேண்டும். வேலைக்கும் அதே மெஷினைப் பாவிப்பவர்கள் யோசிக்கலாம், நான் யோசித்துவிட்டுப் போட்டேன்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இதற்கு நேர் போட்டி. 2023 செப்டெம்பர் 27 இல் வந்தது, அதுவும் இலவசம், சென்னையிலும் மும்பாயிலும் சர்வர் உண்டு, அதிகபட்சம் இவ்வளவு பிங்தான் ஏற்பேன் என்று குறித்துவைக்கலாம். எனக்கு மனதுக்குள் இதுதான் பிடிக்கும், காரணம் பழக்கதோஷம். ஆனால் வாழைச்சேனை லெப்டொப்பில் அது திணறியது. 85 ஜிபி இடம் கேட்டது. 15 டொலர் கொடுத்து பிரைம் என்ற தகுதியை எடுக்காவிட்டால் ஏமாற்றுக்காரர்களோடு அதிகம் மாட்டுவீர்கள். நாலு பேரிடமும் ஓரளவு நல்ல மெஷின் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். தம்பியின் கூட்டத்தில் யாரிடம் என்ன மெஷின் இருக்கிறது என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

போனில் ஆடும் பப்ஜியையும் ஃப்ரீ ஃபயரையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கல்லடிக் கடற்கரையில் மாலையில் நடந்தாலே கேட்கும். ஃப்ரீ ஃபயரின் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடியும், சாதாரண போனில் ஓடும், அந்த அளவில் அது நேர்மையான கேம். பெரிய திரையில் மவுஸ் பிடித்துப் பழகிய எங்களுக்குக் கண்ணாடியைத் தேய்த்துச் சுடுவது வரவில்லை. வயது என்றும் சொல்லலாம்.

இதற்குள் இன்னொரு வழியையும் பார்த்தோம். மனிதரை எதிர்த்து ஆடாமல், நாலு பேர் சேர்ந்து கம்பியூட்டரை எதிர்த்து ஆடும் கேம். ஹெல்டைவர்ஸ் 2 அந்த வகை, 40 டொலர், 2024 பெப்ரவரியில் வந்து உண்மையாகவே நன்றாக ஓடியது. எதிரி கம்பியூட்டர் என்பதால் பிங் கொஞ்சம் கூடினாலும் யாரும் அழமாட்டார்கள். எங்கள் கூட்டத்துக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஆனால் அந்த மே மாதத்தில் சோனி, ஸ்டீமில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு இணைக்க வேண்டும் என்று அறிவித்தது. அந்தச் சேவை அதிகாரபூர்வமாக இல்லாத 170க்கும் மேற்பட்ட இடங்களில் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. இலங்கையும் அந்தச் சேவை இல்லாத நாடுதான். ஆடுபவர்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே கணக்கு இணைக்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். கேமில் ஒரு பிழையும் இல்லை, ஆடுபவர்களிலும் பிழை இல்லை, நாம் இருக்கும் நாடு அவர்களின் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். ட்ரெய்லர் பார்க்கும்போது இது யாருக்கும் தோன்றாது. இப்போது புதுக் கேம் ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது வேறு எந்தக் கணக்கெல்லாம் கேட்கிறார்கள் என்பதைத்தான்.

கடைசி வழி, பழையதற்கே போவது. அதிலும் பழையது என்றால் மிகப் பழையது. பாடசாலைக் காலத்தில் நகரத்தில் மாடிப்படி ஏறிப்போகும் ஒரு கேம் கடை இருந்தது. பத்துக் கம்பியூட்டர், இரண்டு ஃபேன், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. மணிக்கு இவ்வளவு என்று காசு. ஒருவரைச் சுட்டால் அவர் அடுத்த கதிரையில் இருந்து ஏசுவார். பிங் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் எல்லாக் கம்பியூட்டரும் ஒரே பெட்டியில் பொருத்தியிருந்தது. அந்தக் கேமுக்கு யாரும் சர்வரை மூட முடியாது, சர்வர் அந்த அறையிலேயே இருந்தது. நெட் இல்லாவிட்டால் ஓடும், ஆள் குறைந்தால் பொட்டுகளை (கம்பியூட்டரே ஆட்டும் ஆட்களை) தனியாகச் சேர்த்து ஆடலாம், 2003 இல் வந்த பதிப்பு இன்றைக்கும் எந்தப் பழைய லெப்டொப்பிலும் ஓடும்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எங்கள் வீட்டு ஹோலில் மூன்று லெப்டொப்பை ஒரே ரவுட்டரில் கட்டி ஆடினோம். ஏமாற்றத்துக்கு மருந்து என்று பார்த்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் நன்றாக வேலை செய்தது. அம்மா கொண்டுவந்து வைத்த தயிரும் தேனும் கீபோர்டில் சிந்தியது வரை. ஆனால் டோகாக்காரன் வர முடியாது. வீடியோ கோலில் போனைச் சாய்த்து வைத்து அவனுக்குக் காட்டினோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சரி மச்சான், நீங்க ஆடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டான். அன்று வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஒப்பீட்டின் கணக்கே பிடிபட்டது. நாங்கள் கேம் தேடவில்லை. இங்கே இரவு ஒன்பதரை, அங்கே ஏழு மணி, அந்த நேரத்தில் நாலு பேரும் ஒரு மணி நேரம் ஒன்றாகக் கத்துவதற்கு ஒரு இடம் தேடுகிறோம். போன் எடுத்து "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் "சுகமா இருக்கன்" என்பதோடு முடியும். சுடும்போது நடுவில்தான் சம்பளம் பிந்துவதையும், றூமில் ஏசி வேலை செய்யாததையும் சொல்வான். எங்கள் 21,000 ரூபாய்க் கேமில் என்னை உண்மையாகக் கோபப்படுத்தியது மெப் குறைந்தது இல்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு ஸ்குவாட் கலைந்ததும் குரல் அறுந்ததும்தான். அதை அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கிராபிக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இப்போது ஏற்பாடு இதுதான். கிழமை நாட்களில் வலரன்ட், மும்பாய் சர்வர், அதிகம் போனால் இரண்டு ஆட்டம். டோகாக்காரன் லீவில் வரும்போது எங்கள் ஹோலில் 1.6. காசு கொடுத்து வாங்கிய கேமை மெஷினிலிருந்து அழித்துவிட்டேன். கணக்கில் இருக்கிறது, ஒரு வருடம் கழித்துத் திருந்தியிருந்தால் திரும்ப இறக்கலாம், அதற்குப் புதுக் காசு வேண்டாம். புதிதாக எது வந்தாலும் வெளியாகி ஆறு கிழமை தள்ளித்தான் பார்ப்பேன். ஆறு கிழமை ஏன் என்றால், முதல் பெரிய அப்டேட் வந்து, பரிசுக்காகப் புகழ்ந்தவர்கள் அடுத்த கேமுக்குப் போயிருக்கும் நேரம் அது.

தம்பியின் கூட்டத்துக்கு நிலைமை வேறு. நாலு பேரும் அக்கரைப்பற்றில், நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு டோகாப் பிரச்சினை இல்லை. அவர்கள் எடுக்கும் கேமும் 21,000 என்று வைத்தால் நாலு பேருக்கும் 84,000 ரூபாய், கழிவு போக 75,600; எனக்கென்றால் அதை இப்போதே கட்ட ஒரு அவசரமும் தெரியவில்லை. அவர்களின் மெஷினில் ரேம் குறைவு என்றால் அந்தக் காசில் அதைப் போடலாம், அப்புறம் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இன்னும் ஒழுங்காக ஓடலாம், புதுக் கேம் நல்லது என்று தெரியவந்தால் அதற்கும் உதவும். பத்து வீதக் கழிவு என்பது ஒரு ஆளுக்கு 2,100 ரூபாய். வெளியான பிறகு வரும் முதல் பெரிய மலிவு விற்பனையிலேயே பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகக் குறையும்.

இவ்வளவையும் சுருக்கி ஒரு வொய்ஸ் போட்டேன். இரவு பதில் வந்தது. "அண்ணா, நாங்க நேற்றே புக் பண்ணிட்டம்."

முன்பதிவு செய்ததை வெளியாகும் நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஸ்டீமில் திருப்பலாம், இரண்டு மணிக் கணக்கு அங்கே இல்லை என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று பேர் திருப்பிவிட்டார்கள். நாலாவது பையன் எடுத்தது அவனுடைய மாமாவின் கார்டில். காசு திரும்பி மாமாவின் கார்டுக்குப் போனால் அது தன் கைக்கு வராது என்று யோசித்துக்கொண்டிருக்கிறானாம். பணப்பைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.